மர மீன் தண்ணீர் குடித்தால்...

பெயிண்ட் கடை அலமாரியில் ‘சீலர்’ என்று எழுதிய டப்பாவைப் பார்த்தால், தண்ணீர் உள்ளே போகாமல் சீல் வைத்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் அந்தத் தச்சருக்கும் அப்படித் தோன்றியதில் தப்பில்லை. 30 வருஷமாகக் கட்டில், அலமாரி, கதவு என்று எல்லாவற்றுக்கும் அவர் அடித்துவந்த சாண்டிங் சீலர்தான் அது. ஆனால் கட்டிலும் அலமாரியும் தண்ணீரில் கிடப்பதில்லை.

மரத்தில் மீன் செதுக்கும் வேலை அவருக்கு வந்தது ஒரு குட்டையால். பாகூர் பக்கம் மனைவி வழியில் வந்த அரை ஏக்கர் நிலம். அதன் ஓரத்தில் ஒரு குட்டை, குட்டையில் விரால். விரால் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அது வலைக்கு லேசில் அகப்படாது. சேற்றுக்குள் புதைந்துகொள்ளும், இல்லையென்றால் வலையைத் தாண்டிக் குதிக்கும். குட்டையை வற்ற வைக்காமல், கேட்டு வருகிறவருக்கு நாலு மீன் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்றால் தூண்டில்தான் வழி. உயிருள்ள தவளையை முள்ளில் கோர்த்துப் போடுவது ஊர் வழக்கம். அவருடைய மகள் அதைப் பார்க்கச் சகிக்காமல், “அப்பா, நீதான் தச்சனாச்சே, ஒரு தவளையச் செதுக்கேன்” என்றாள். செதுக்கினார். தாமரை இலைகளுக்கு நடுவே அது துள்ளித் துள்ளி வந்ததைப் பார்த்து விரால் வந்து கவ்வியது.

பையன்கள் அதை லூர் என்கிறார்கள். அவர் மட்டும் மர மீன் என்பார். தவளை உருவத்தில் இருந்தாலும் அவருக்கு அது மர மீன்தான்.

செய்தி பரவி, கழிமுகத்தில் வெளியூர்க்காரர்களைத் தூண்டில் போட அழைத்துப்போகும் ஒருவர் 30 மர மீன் கேட்டார். கொடுவாய்க்கு ஏற்ற நீள மீன்கள். அந்தப் பணத்தில் சம்பா நடவுக்கு ஆள் கூலி கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மலைவேம்புப் பலகையில் செதுக்கி, சாண்டிங் சீலர் இரண்டு கை அடித்து, வர்ணம் பூசி, அதன் மேல் பளபளவென்று வார்னிஷும் அடித்துக் கொடுத்தார். ஒரு மாதம் ஆகவில்லை, பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டன. சிலது வால் பக்கமாக மூழ்கியது. சிலதில் வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழுந்து, உரித்தால் தோல் மாதிரி வந்தது. நடவுக்கூலிக்கு மனைவியின் தோடு அடகுக்குப் போனது.

கடைக்காரரிடம் இதைவிட விலை கூடிய சீலர் எது என்று கேட்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அதற்குள் வைத்திக்குப்பத்தில் பழக்கமான ஒரு மீனவப் பெரியவரைப் பார்த்தார். திரும்பி வந்த மீன்களில் ஒன்றைக் கையில் வாங்கி எடை பார்த்த பெரியவர் சிரித்தாராம்.

“தம்பி, கட்டுமரத்துக்கு எவனாவது வார்னிஷ் அடிச்சு நீ பாத்திருக்கியா?”

“இல்லண்ணே.”

“அடிக்க மாட்டான். மரம்னா தண்ணி குடிக்கத்தான் செய்யும். கரைக்கு வந்ததும் கயித்த அவுத்து, ஒவ்வொரு மரமாப் பிரிச்சுப் போட்டுக் காய வெப்போம். குடிச்ச தண்ணிய வெளிய விடணும் இல்ல? நீ இன்னா பண்ணியிருக்க? ஈர மரத்துக்குச் சட்டையப் போட்டுப் பொத்தான மாட்டி வுட்டுட்ட.”

இது உண்மைதான். லேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டியதால்தான் அது கட்டுமரம். அதற்கு மேல்பூச்சே கிடையாது. வெயில்தான் அதன் சீலர். தண்ணீர் குடித்துக் கனத்துப்போன மரம் மறுநாள் மிதக்காது என்பதால், பிரித்துக் காய வைப்பதைத் தொழிலின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, அந்தக் காட்சியை இன்று கரையில் பார்ப்பது குறைந்துவிட்டது.

தச்சருக்குத் தன் பலகையின் ஞாபகம் வந்தது. மரத்தை வெட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. நன்றாகக் காற்றில் காய்ந்த மரத்திலேயே, நம் கடலோரக் காற்றில், எடையில் 100க்கு 12 முதல் 16 பங்கு ஈரம் நிற்கும். பச்சை மரம் என்றால் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்ட கட்டையைப் பூச்சுக்குள் அடைத்து வெயிலில் போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும். வழி இல்லாவிட்டால் பூச்சைத் தூக்கும். கொப்புளம் வந்தது அதனால்தான்.

மூழ்கியதற்குக் காரணம் வேறு. அவர் செய்த வரிசையைப் பாருங்கள். செதுக்கினார், சீலர் அடித்தார், வர்ணம் பூசினார், எல்லாம் முடிந்த பிறகு முள் மாட்டும் வளையத்துக்குத் துளை போட்டுத் திருகினார். வீடு முழுக்கப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. மரத்தின் நாளங்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. வெட்டுமுகம் என்பது குழாய்களின் வாய். பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக அங்கே தண்ணீர் ஏறும். மீனின் மூக்கும் வாலும் வெட்டுமுகங்கள். வளையம் திருகுவதும் அங்கேதான். வால் பக்கமாக மூழ்கியதில் அதிசயம் என்ன?

அப்புறம் அந்த சாண்டிங் சீலர். பெயரில் இருக்கும் சாண்டிங் என்ற சொல்லைத்தான் கவனித்திருக்க வேண்டும். மரத்தின் நுண்துளைகளை அடைத்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, மேல் பாலீஷ் ஒரே சீராக உட்கார வைப்பதற்காகச் செய்த சரக்கு அது. பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் கலந்தது. தேய்த்தால் மாவாக உதிர வேண்டும் என்பதற்காக ஸ்டியரேட் என்ற சோப்பு வகைப் பொருளையும் சேர்ப்பார்கள். அதனால் படலம் மிருதுவாக இருக்கும், மேலே அடிக்கும் கெட்டிப் பூச்சு சிலது அதில் சரியாகப் பிடிக்காது. வீட்டுக்குள் இருக்கும் மேஜைக்கு அது நல்ல சரக்கு. அதைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கோபித்துக்கொள்வது நியாயமில்லை.

இங்கே தூரதேசத்து மீனவர் ஒருவரின் கதை பொருந்தும். ஃபின்லாந்தில் லவுரி ராப்பாலா என்றொருவர் இருந்தார். ஏரியில் மீன் பிடித்தும் கிடைத்த கூலி வேலை செய்தும் குடும்பத்தை ஓட்டிய ஏழை. 1936ல் தக்கையைக் கத்தியால் சீவி ஒரு பொய் மீன் செய்தார். வெள்ளி மினுமினுப்புக்கு சாக்லேட் சுற்றி வந்த தாளை ஒட்டினார். வார்னிஷ் வாங்க வசதியில்லை. பழைய புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார். இன்று அவர் பெயரில் உலகம் முழுக்கத் தூண்டில் மீன்கள் விற்பனையாகின்றன. அந்தக் காலத்து நெகட்டிவ்கள் பலவும் நைட்ரோசெல்லுலோஸில் செய்தவை. அதாவது, நம் தச்சரின் சீலருக்கு உறவு. (பொசுக்கென்று தீப்பிடிக்கும் பொருள் அது, யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) அவருடைய மீன் மிதந்ததில் பூச்சுக்குப் பங்கு உண்டு என்றாலும், அடியில் இருந்தது தக்கை. அது இயல்பிலேயே தண்ணீர் குடிக்காத பொருள். மலைவேம்பு அப்படியில்லை, இலவம் அதைவிட மோசம். எதைப் பூசுவது என்பதை அடியில் இருக்கும் மரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். கட்டுமரத்துக்குப் பூச்சு இல்லாவிட்டாலும் பலகைப் படகுகளுக்கு உண்டு. இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அடைப்பார்கள். கலப்பத்து என்று அதற்குப் பெயர். மேலே மீன் எண்ணெயோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ தடவுவார்கள். முந்திரி ஓட்டு எண்ணெய் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிப் பக்கம், தேடிப்போனால் கிடைக்கும் சரக்குதான். தச்சரும் வாங்கிவந்து தடவினார். மரத்துக்குள் நன்றாகத்தான் இறங்கியது. ஆனால் கறுப்பாகி, நாள் கணக்கில் பிசுபிசுவென்று நின்றது. அதன் மேல் வர்ணம் உட்காரவில்லை. அதைவிட, இரண்டாம் நாள் அவருடைய விரல் இடுக்குகளில் தோல் உரிந்தது. மாங்காய்ப் பால் பட்டால் புண்ணாகிறதே, சேங்கொட்டை பட்டால் கொப்புளிக்கிறதே, எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். முந்திரி உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். படகுக்குச் சரி, தினமும் கையில் பிடிக்கும் மர மீனுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அதன் பிறகுதான் அவர் உருப்படியான ஒரு வேலை செய்தார். யாரையும் கேட்காமல் தண்ணீரையே கேட்டார். நன்றாகக் காய்ந்த ஒரே பலகையிலிருந்து, ஒரே அளவில், கட்டை விரல் நீளத்தில் சில துண்டுகளை அறுத்தார். ஒவ்வொன்றிலும் வளையத் துளை போட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சு, ஒன்றுக்குப் பூச்சே இல்லை. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன மின்னணுத் தராசில் நிறுத்து, மகள் நோட்டில் எழுதினாள். எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் போட்டு, மேலே வராமல் கம்பி வலையும் கல்லும் வைத்து, ஒரு ராத்திரி விட்டார்கள். காலையில் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தார்கள். எது அதிகம் கனத்ததோ அது அதிகம் குடித்தது.

பூச்சில்லாத கட்டை முதலிடம். சாண்டிங் சீலர் கட்டை அதற்கு அடுத்து நின்றது. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தடவிய கட்டை, அதாவது தச்சர்கள் பிரெஞ்சு பாலீஷ் என்று சொல்வது, தயிர்த்தண்ணீர் தெளித்த மாதிரி வெளுத்துப்போயிருந்தது. அரக்குக்கு ஈரம் ஆகாது. ஆனால் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும், மரத்தின் கறை மேலே ஏறாமல் தடுக்கும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் அந்தப் பாலீஷை ஒரேயடியாக ஒதுக்க அவருக்கு மனசில்லை. கறை கக்கும் மரத்துக்கு மட்டும் அடியில் ஒரு கை கொடுக்கிறார்.

ஆளிவிதை எண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டு, மூன்று வாரம் காய வைத்த துண்டு குறைவாகவே குடித்தது. பொறுமை உள்ளவர்களுக்கு, வர்ணம் வேண்டாம் என்பவர்களுக்கு, அது போதும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. அந்த எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. எண்ணெய் காய்வது என்றால் காற்றோடு சேர்ந்து சூடு கிளப்புவது என்று அர்த்தம். ஈர வைக்கோலைப் போராக அடுக்கினால் உள்ளே வெந்து புகைகிறதே, அதேதான். துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

பாலியூரித்தேன் வார்னிஷ் நன்றாக நின்றது. முதல் கையைப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து தண்ணீராக அடித்தார், உள்ளே இறங்குவதற்காக. அடுத்த இரண்டு கை கெட்டியாக. எபாக்ஸி தடவிய துண்டின் எடை அநேகமாக மாறவே இல்லை. அதே எபாக்ஸியை முழுக்கத் தடவிக் காய்ந்த பிறகு துளை போட்ட ஒரு துண்டையும் சேர்த்திருந்தார். அது சொகுசாகக் குடித்திருந்தது. அந்த ஒரு துண்டு பாதிப் பாடத்தைச் சொல்லிவிட்டது.

இப்போது அவர் செய்யும் வரிசை இது. செதுக்கி, உப்புத்தாள் போட்டு, எல்லாத் துளைகளையும் முதலிலேயே போட்டுவிடுகிறார். துளைக்குள் ஈர்க்குச்சியால் எபாக்ஸியைத் தொட்டு விடுகிறார். மூக்குக்கும் வாலுக்கும் ஒரு கை கூடுதல். வர்ணம் அதற்கு அப்புறம். கடைசியில் வளையத்தைத் திருகும்போதும் எபாக்ஸியில் தோய்த்தே திருகுகிறார்.

எபாக்ஸி பூசும் நேரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவர் கட்டைகளை மத்தியானம் வெயிலில் வைத்து, நாலு மணிக்கு நிழலுக்குக் கொண்டுவந்து, ஆறத் தொடங்கும்போது பூசுகிறார். சூடான பாத்திரத்தை மூடி வைத்தால் ஆறும்போது மூடி இறுக்கிப் பிடிக்கிறது அல்லவா? அதுபோல, மரத்துக்குள் இருக்கும் காற்று ஆறிச் சுருங்கும்போது பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் பூசிவிட்டு வெயிலில் வைத்தால் தலைகீழ். காற்று விரிந்து வெளியே வரும், பூச்சு முழுக்கக் குமிழி. அஞ்சு நிமிஷத்தில் இறுகும் வகையை அவர் வாங்குவதில்லை. உள்ளே இறங்குவதற்குள் இறுகிவிடும். நிதானமாக இறுகுவதுதான் இதற்கு ஏற்றது. இரண்டு டப்பாவையும் அட்டையில் போட்டிருக்கும் அளவிலேயே கலக்க வேண்டும். கெட்டிப்படுத்தும் சரக்கைக் கூட ஊற்றினால் சீக்கிரம் காயும் என்று நினைப்பவர்களின் மீன் என்றைக்கும் ஒட்டிக்கொண்டே இருக்கும். கையுறை கட்டாயம். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு டப்பாவைத் திறந்தாலே அரிக்கும்.

பாகூரிலிருந்து ஒரு விவசாயி, தன் குட்டைக்காகச் செய்த மரத் தவளையோடு பட்டறைக்கு வந்தார். நாலு தரம் போட்டதும் முங்கிவிடுகிறதாம்.

“எந்தக் கம்பெனி சீலருங்க வாங்கலாம்?”

“அது கிடக்கட்டும் ஐயா. மரம் வெட்டி எத்தினி மாசம் ஆச்சு? ஓட்டைய எப்பப் போட்டீங்க?”

விவசாயி முழித்தார். அது கல்யாண முருங்கை. பஞ்சு மாதிரி மரம், நன்றாக மிதக்கும், விரால் பல் பட்டால் குழி விழும். குழி விழுந்தால் அங்கே பூச்சு போயிற்று. சொந்தக் குட்டையில், நல்ல தண்ணீரில், வாரத்துக்கு ஒருமுறை போடுவதற்கு எபாக்ஸி வரைக்கும் போகத் தேவையில்லை என்றார் தச்சர். காய்ந்த மரத்தில் பாலியூரித்தேன் மூன்று கை, போட்டு முடித்ததும் நிழலில் தொங்கவிடுவது, பல் பட்ட இடத்தைக் காய்ந்த பிறகு தொட்டு வைப்பது, அவ்வளவுதான். கழிமுகத்து உப்புத் தண்ணீருக்கும் விற்பனைக்கும் மட்டும் எபாக்ஸி. கறையானுக்காக மருந்தேற்றிய மரத்துண்டு கிடைத்தாலும் தொடாதீர்கள் என்றும் சொன்னார். அந்த மருந்துகளில் சிலதில் ஆர்சனிக் இருக்கும். குட்டை மீனை நாம்தானே தின்கிறோம்.

மலைவேம்பு கிடைக்காதபோது அவர் பழைய தேக்கை எடுக்கிறார். டவுனுக்குள் பழைய வீடு இடிக்கும் இடங்களில் பர்மா தேக்கு ஜன்னல் சட்டங்கள் வரும். தலைமுறை தலைமுறையாகக் காய்ந்த மரம், அதைப் போல அசையாத மரம் கிடைப்பது அரிது. ஆனால் கனமாக இருப்பதால் மேலே மிதக்க வேண்டிய தவளைக்கு உதவாது, மெதுவாக அமிழும் மீனுக்குத்தான். தேக்கில் எண்ணெய்ப்பசையும் உண்டு. தின்னரால் துடைத்துவிட்டு உடனே பூசாவிட்டால் சில வார்னிஷ் காயாமலே நிற்கும்.

அந்தச் சட்டங்களில் இன்னொரு ஆபத்தும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பழைய வர்ணம். வீட்டு வர்ணங்களில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016ல் போடப்பட்டு, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பளபள மஞ்சளும் சிவப்பும் எப்படி இருந்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அவர் அந்தச் சட்டங்களைப் பட்டறை வாசலில் உலர்வாகத் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில், பேரன் அந்தத் தூளில்தான் பொம்மை கார் ஓட்டிக்கொண்டிருப்பான். மீனின் வயிற்றுக்கு எடை சேர்க்க ஈயம் உருக்கியது சமையலறை அடுப்பில். இரண்டையும் நிறுத்தவைத்தது மகள். இப்போது பழைய வர்ணத்தை ஈரம் தொட்டுத்தான் சுரண்டுகிறார். தூளை ஈரத்துணியால் துடைத்துக் கட்டிவிடுகிறார். எடைக்கு, கடையில் விற்கும் இரும்பு போல்ட்டை அறுத்து, எபாக்ஸி வைத்துப் புதைக்கிறார். ஈயத்தைவிடப் பெரிதாகத்தான் துளை போட வேண்டியிருக்கிறது. பரவாயில்லை.

திரும்பி வந்த மீன்களுக்குப் பதிலாகப் புதிதாகச் செய்து கொடுத்துவிட்டார், காசு வாங்காமல். கேட்டவர் மறுபடி கேட்டிருக்கிறார். தோடு இன்னும் மீளவில்லை. குட்டையில் அவரே தூண்டில் போடும்போது, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றும் விராலைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுவார். தாயும் தகப்பனும் போனால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒன்றுவிடாமல் விழுங்கிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் அவர் பூச்சு வேலையே செய்வதில்லை. அடைமழைக் காற்றில் வார்னிஷ் வெளுக்கும், எபாக்ஸியின் மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு படியும். அந்த இரண்டு மாதமும் செதுக்குவது மட்டும்தான். செதுக்கிய மீன்களை அடுப்புக்கு மேலே கம்பியில் கோர்த்துத் தொங்கவிட்டிருக்கிறார், தை பிறந்து வெயில் வரும்வரை.